உங்கள் கடலடி நகரத்தை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

இந்த வாரம் வந்த கடிதம் நீளமானது. எழுதியவர் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு 31 வயது. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. நான்கு வருடங்களாக இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து ஒரு மிகுபுனைவு நாவல் எழுதி வருகிறார். கடல் கொண்ட ஒரு நகரம், அங்கே இறந்தவர்களின் நினைவுகளை முத்துகளில் பூட்டி வைக்கிறார்கள், அந்த முத்துகளைப் படிக்கும் கருவியை நம் காலத்துப் பெண் ஒருத்தி உருவாக்குகிறாள் என்று கதை போகிறது. மூன்று பாகங்களாகத் திட்டம். முதல் பாகம் 96 அத்தியாயங்களாக ஒரு கைபேசிச் செயலியில் புனைபெயரில் தொடராக வந்து முடிந்துவிட்டது. இரண்டாம் பாகம் பாதியில் இருக்கிறது.

இப்போது ஒரு பதிப்பகம் முதல் பாகத்தை அச்சில் கொண்டுவர முன்வந்திருக்கிறது. வாசகி 78,000 ரூபாய் கட்ட வேண்டும். 300 படிகள் அச்சாகும். 25 படிகள் அவருக்கு, மீதியைப் பதிப்பகம் விற்கும். விலை 400 ரூபாய், ராயல்டி 10 சதவீதம். ஆங்கிலத்தில் நான்கு பக்க ஒப்பந்தம். சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வர வேண்டுமானால் பத்து நாளுக்குள் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள்.

“இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்ட கதையை இனி வேறு யாரும் பதிப்பிக்க மாட்டார்கள். கிடைத்ததை விடக் கூடாது என்று தோன்றுகிறது. நான் காப்புரிமை வாங்கவில்லை, பதிவுத் தபாலில் எனக்கு நானே கையெழுத்துப் பிரதியை அனுப்பி, பிரிக்காமல் வைத்திருக்கிறேன், அது போதுமா? ஒரு யூடியூப் சேனல் என் கதையை ஆடியோ நாவலாக வாசித்து 38 பகுதிகள் போட்டிருக்கிறது. அதே செயலியில் இன்னொருவர் கடலடி நகரக் கதை எழுதுகிறார், அவர்மேல் வழக்குப் போட முடியுமா? நான் எழுதுவது அலுவலகத்துக்குத் தெரிந்தால் பிரச்சினை வருமா?” இவை அவருடைய கேள்விகள். ஒப்பந்தத்தின் நகலையும் இணைத்திருக்கிறார். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: “கதையில் வரும் நகரத்தின் வரைபடத்தை என் கல்லூரித் தோழி அழகாக வரைந்து கொடுத்தாள், அதுவும் புத்தகத்தில் வரும்.”

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பத்து நாள் கெடுவை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். புத்தகக் காட்சி அடுத்த ஜனவரியிலும் வரும். நீங்கள் கையெழுத்துப் போடப்போகிற தாளோ, உங்கள் ஆயுளையும் தாண்டி 60 வருடம் நிற்கக்கூடியது.

இணையத்தில் வந்துவிட்டதால் கதை எச்சிலாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். அது சரியல்ல. அறிவியல் புனைவில் இதற்கு நேர் எதிரான உதாரணங்கள் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வீயர் ‘தி மார்ஷியன்’ நாவலைத் தன் சொந்த இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகத்தான் போட்டார். கதையில் வரும் வேதியியல் கணக்குகளைப் படித்தவர்களே திருத்திக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதால் 2011ல் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் 99 சென்ட்டுக்குப் போட்டார். அப்புறம்தான் பெரிய பதிப்பகம் தேடி வந்தது. 2014ல் அச்சுப் புத்தகம், 2015ல் திரைப்படம். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 96 அத்தியாயங்களைக் காத்திருந்து படித்த வாசகர்கள் உங்களுக்கு இருக்கிறார்கள். பதிப்பகத்தாரிடம் பேசும்போது அது உங்கள் பலம். குறைபோல நினைத்துக் கூனிக் குறுக வேண்டாம்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது

கணக்கிலிருந்து தொடங்குவோம். 78,000 ரூபாயை 300 படிகளால் வகுத்தால் ஒரு படிக்கு 260 ரூபாய். அச்சுச் செலவு முழுவதையும், அதற்கு மேலும், நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். உங்களுக்கு வருவது 25 படிகள். மீதி 275ம் ஒன்று விடாமல் விற்றாலும், படிக்கு 40 ரூபாய் வீதம் உங்களுக்குக் கிடைக்கும் ராயல்டி 11,000 ரூபாய். அச்சடித்த பணம் உங்களுடையது, விற்ற பணம் அவர்களுடையது என்று ஆகிறது.

எழுத்தாளர் தன் பணத்தில் புத்தகம் போடுவதில் எந்தக் குறைவும் இல்லை. சுயபதிப்பு நேர்மையான வழி. ஆனால் பணம் போட்டவருக்குத்தான் படிகளும் உரிமையும் சொந்தமாக இருக்க வேண்டும். பதிப்பகம் உரிமையைக் கேட்டால் பணம் அவர்கள் போட வேண்டும். இரண்டையும் நீங்களே கொடுக்கும் ஏற்பாட்டுக்கு என்னால் நியாயம் கண்டுபிடிக்க முடியவில்லை. நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கென்று தனியாக 5,000 ரூபாய் போட்டிருக்கிறார்கள். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் எண்ணை மத்திய அரசின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமில்லாமல் தருகிறது. எழுத்தாளரே இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். என்னை உண்மையிலேயே கலங்க வைத்தது ஏழாவது பத்தி. அதைத் தமிழில் சொல்கிறேன்: இந்தப் படைப்பின் எல்லா உரிமைகளும், எல்லா மொழிகளிலும், இன்றிருக்கிற, இனி வரப்போகிற எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் பதிப்பகத்துக்கு மாற்றப்படுகின்றன, இதே பாத்திரங்களையோ கதைக்களத்தையோ வைத்து ஆசிரியர் இனி எழுதும் படைப்புகளுக்கும் இது பொருந்தும்.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். சமூக நாவல் எழுதுகிறவர் ஒரு புத்தகத்தை இழந்தால் அடுத்த புத்தகத்தில் புதிய மனிதர்களோடு தொடங்கிவிடுவார். மிகுபுனைவு எழுதுகிறவருக்கு அது முடியாது. நகரம், அதன் சட்டதிட்டம், முத்துக்குள் நினைவைப் பூட்டும் முறை, அதைக் காக்கும் குலம் என்று நான்கு வருடம் கட்டியது முதல் பாகத்துக்கு மட்டுமா? அந்த உலகம்தான் உங்கள் சொத்து. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, இன்னும் எழுதப்படாத படைப்பின் உரிமையையும் முன்கூட்டியே மாற்றிக் கொடுக்க இடம் தருகிறது. படைப்பு உருவானதும் அந்த மாற்றம் செல்லுபடியாகும். அதாவது, பாதியில் நிற்கும் இரண்டாம் பாகத்தை நீங்கள் எழுதி முடிக்க முடிக்க அது அவர்களுடையதாகிக்கொண்டே போகும். ஒருவேளை அவர்கள் மூன்றாம் பாகத்தைப் போட விரும்பாவிட்டால், நீங்களே வேறு இடத்தில் போடுவதற்கும் அவர்கள் தயவு வேண்டும்.

சட்டம் எழுத்தாளர் பக்கமும் கொஞ்சம் நிற்கிறது. 19ஆவது பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். காலம் சொல்லப்படாவிட்டால் ஐந்து வருடம்தான். இடம் சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும்தான். வாங்கியவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது முடிந்துபோகும். ஆனால் இந்தப் பாதுகாப்புகளில் பல, ஒப்பந்தம் பேசாமல் விட்ட இடத்தில்தான் வேலை செய்யும். உங்கள் ஒப்பந்தம் எதையும் பேசாமல் விடவில்லை. ஓராண்டு விதி பொருந்தாது என்றுகூட ஒன்பதாவது பத்தியில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் அவர்களால் வாங்கிக்கொள்ள முடியாது. 57ஆவது பிரிவு தரும் உரிமை, அதாவது இதை எழுதியவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், உங்கள் பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் தட்டிக் கேட்கும் உரிமையும், எல்லாவற்றையும் விற்ற பிறகும் உங்களிடம் இருக்கும்.

எப்படிப் பேசலாம்

பதிப்புரிமை என்பது ஒரே கட்டி இல்லை. தமிழ் அச்சுநூல், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனி. ஒன்றைக் கொடுத்து மற்றவற்றை வைத்துக்கொள்ளலாம். ஹியூ ஹௌவி என்ற அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் ‘வூல்’ கதையை 2011ல் தானே மின்னூலாகப் போட்டார். அது ஓடத் தொடங்கியதும், முழு உரிமைக்கும் பெரிய தொகையோடு வந்தவர்களை மறுத்துவிட்டு, 2012ல் அச்சு உரிமையை மட்டும் சைமன் அண்ட் ஷூஸ்டர் நிறுவனத்துக்குக் கொடுத்தார். மின்னூல் அவரிடமே இருந்தது. அவருடைய விற்பனை வேறு, உங்களுடையது வேறுதான். பிரித்துக் கொடுக்கலாம் என்ற வழி மட்டும் இருவருக்கும் பொது.

ஆகவே பதிப்பகத்துக்குப் பணிவாகவே ஒரு கடிதம் எழுதுங்கள். முதல் பாகத்தின் தமிழ் அச்சு உரிமை மட்டும், மூன்று வருடத்துக்கு மட்டும் தருகிறேன் என்று சொல்லுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலும் அவர்கள் உண்மையிலேயே விற்பவர்களாக இருந்தால் அந்த நாடுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். படிகள் தீர்ந்து ஆறு மாதத்துக்குள் மறுபதிப்பு வராவிட்டால் உரிமை உங்களிடம் திரும்ப வேண்டும். அடுத்த பாகங்களைப் பற்றி எதுவும் இருக்கக் கூடாது. மிஞ்சிப்போனால், ‘முதலில் எங்களிடம் காட்டுங்கள்’ என்பதை மட்டும் ஏற்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு வேண்டும். நூலக ஆணை (அரசு நூலகங்களுக்காக மொத்தமாக வாங்குவது) கிடைத்தால் அந்தப் படிகளுக்கும் ராயல்டி உண்டு என்பதைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். வாய்ப் பேச்சில் விட்டுவிட்டுப் பின்னால் வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 78,000 ரூபாய் நீங்கள்தான் கட்ட வேண்டுமென்றால், 300 படிகளும் உங்களுக்குச் சொந்தம், அவர்கள் விற்றுத் தருவதற்குக் கழிவு எடுத்துக்கொள்ளட்டும் என்று கேளுங்கள்.

மறுத்துவிட்டால்? விட்டுவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். தேவைக்கேற்ப அச்சடிக்கும் வசதி இப்போது நம் ஊரிலேயே இருக்கிறது, 50 படிகள் போட்டுப் பார்க்கலாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல பிரதி திருத்துநருக்குக் கொடுங்கள். தொடராக எழுதிய கதைக்கு அது கட்டாயம் தேவைப்படும். நீங்களே பதிப்பாளர் ஆகும்போது ஒரு சின்னக் கடமையும் உண்டு. 1954ஆம் வருடத்துச் சட்டப்படி, அச்சு நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் உங்கள் செலவில் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். சுயமாகப் பதிப்பிப்பவர்கள் பலர் இதை அறியாமல் விட்டுவிடுகிறார்கள். எத்தனையோ வருடம் கழித்தும் உங்கள் நாவல் கன்னிமாராவில் இருக்கும் என்பதை நினைத்தால் தபால் செலவு பெரிதாகத் தெரியாது.

கிண்டிலில் போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் விற்கும் மின்னூலுக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால், அவர்களுடைய விலை வரம்புக்குள் விலை வைப்பதோடு, மின்னூலை அமேசானுக்கு மட்டுமே தரும் கேடிபி செலக்ட் திட்டத்திலும் சேர வேண்டும். சேராவிட்டால் 35 சதவீதம். சேர்ந்தால் 90 நாள் காலத்துக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, மாதிரிக்காகப் பத்து சதவீதம் வரை விடலாம். உங்கள் 96 அத்தியாயங்களும் செயலியில் இருக்கும்வரை நீங்கள் அந்த நிபந்தனையை மீறியவராவீர்கள். அதோடு, செயலியில் ஏதாவது போட்டியில் கலந்துகொண்டீர்களா, கட்டணப் பகுதியில் சேர்ந்தீர்களா என்று பாருங்கள். சாதாரணமாகத் தொடர் போடும்போது உரிமை பெரும்பாலும் எழுத்தாளரிடமே இருக்கும். போட்டி விதிகளில் சில சமயம் வேறு மாதிரி எழுதியிருக்கும்.

பதிவுத் தபால் உறை

அந்த உறைக்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் இல்லை. அதைப் பிரித்து, பிரதியை எடுத்து வாசித்து மகிழுங்கள். இன்னொன்று, காப்புரிமை என்ற சொல்லைக் கண்டுபிடிப்புகளுக்கான உரிமைக்கே வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. எழுத்துக்கு இருப்பது பதிப்புரிமை. அதை யாரும் ‘வாங்க’ வேண்டியதில்லை. எழுதிய கணத்திலேயே அது உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் வழக்கென்று வந்தால் பதிவேட்டில் உள்ள விவரத்தை நீதிமன்றம் முதல்நோக்குச் சான்றாக, அதாவது எதிர்த்தரப்பு தவறென்று காட்டும்வரை சரியென்று, ஏற்கும். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்தான், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். யாரேனும் ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பார்கள். செயலியில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பதிந்திருக்கும் தேதியும் நல்ல சாட்சி. அவற்றைப் படமெடுத்து வையுங்கள்.

புனைபெயரில் எழுதுவதால் உரிமை குறையாது. எழுதியவர் யார் என்று கடைசிவரை வெளியாகாவிட்டால் வெளியீட்டிலிருந்து 60 வருடம், வெளியானால் உங்கள் ஆயுளும் அதற்குப் பின் 60 வருடமும்.

யூடியூப் சேனல், இன்னொரு கடலடி நகரம்

அனுமதியில்லாமல் உங்கள் கதையை ஒலிப்பதிவு செய்து போட்டது உரிமை மீறல்தான். “வீடியோவின் கீழே என் புனைபெயரைப் போட்டிருக்கிறார்கள், அதனால் கேட்க முடியாதோ” என்று தயங்குகிறீர்கள். பெயர் போட்டால் அனுமதி வாங்கியதாக ஆகாது. யூடியூப்பில் புகார் படிவம் இலவசம். 90 நாளுக்குள் மூன்று புகார்கள் உறுதியானால் சேனலே போய்விடலாம். ஆனால் புகார் கொடுப்பவரின் உண்மைப் பெயரைக் கேட்பார்கள், அது எதிராளிக்கும் போகக்கூடும். புனைபெயரைக் காப்பாற்ற நினைக்கிற உங்களுக்கு இது முக்கியம். உங்கள் அங்கீகாரம் பெற்ற ஒரு வழக்கறிஞர் தன் பெயரில் புகார் கொடுக்கலாம்.

அதற்கு முன்னால் அந்தச் சேனல்காரருக்கு நேராக ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள். 38 பகுதிகளை உட்கார்ந்து வாசித்தவருக்குக் கதை பிடித்துத்தான் இருக்கிறது. வருமானத்தில் பங்கு, ஒரு வருடத்துக்கான எழுத்துப்பூர்வ உரிமம் என்று பேசினால் உங்களுக்கு ஒலிநூல் வாசகர்கள் கிடைப்பார்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் புகார் கொடுங்கள். கடைசியாக வழக்குத்தான் என்றாலும், 62ஆவது பிரிவின்படி நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம்.

இன்னொரு எழுத்தாளர் விஷயத்தில் உங்களுக்கு வருத்தம் தரும் பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. 1978ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. இரண்டையும் படித்த சாதாரண வாசகருக்கு, இது அதன் நகல்தான் என்று ஐயமில்லாமல் தோன்ற வேண்டும். நீங்கள் அனுப்பிய அவருடைய கதைப் பக்கங்களைப் படித்தேன். அவருடைய நகரம் வேறு, மனிதர்கள் வேறு, நடையும் வேறு. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை என்றைக்கோ பாடிவிட்டது. அந்தக் கடல் உங்கள் இருவருக்கும் பொது. உங்கள் வாக்கியங்களையோ, காட்சி வரிசையையோ எடுத்தாண்டால் அப்போது பார்க்கலாம்.

அலுவலகம்

வேலையின் ஒரு பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம் என்கிறது 17ஆவது பிரிவு. நிரல் எழுதும் வேலைக்குச் சேர்ந்தவர் இரவில் வீட்டில் எழுதும் நாவல் அதில் வராது. ஆனால் பணி நியமனக் கடிதத்தில் ‘பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்’ என்ற மாதிரி வரியும், வேறு வருமானத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்ற வரியும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் மனிதவளத் துறையிடம் ஒரு மின்னஞ்சலில் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுவது நல்லது. புனைபெயர் அங்கே மட்டும் வெளிப்படுவது பெரிய நஷ்டமில்லை. அலுவலக மடிக்கணினியில் எழுதுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். முத்துகளைப் படிக்கும் கருவி உங்கள் நிறுவனத்தின் ரகசியத் திட்டம் எதையும் ஒத்திருக்கக் கூடாது என்பதையும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

தோழியின் வரைபடம்

நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்காத இது, கேட்டவற்றில் பலவற்றைவிட அவசரமானது. சட்டத்தின் பார்வையில் வரைபடம் ஒரு கலைப்படைப்பு. கற்பனை நகரத்தின் வரைபடமும் அப்படித்தான். நகரத்தை நினைத்தவர் நீங்கள், ஆனால் கோடு போட்டவர் அவர். காசு வாங்காமல் நட்புக்காக வரைந்து கொடுத்ததால் அதன் பதிப்புரிமை இன்று அவரிடம்தான் இருக்கிறது. பதிப்பகத்தின் ஒப்பந்தத்தில் பதினொன்றாவது பத்தியைப் பாருங்கள்: நூலில் உள்ள அனைத்துக்கும் தானே உரிமையாளர் என்று ஆசிரியர் உறுதியளிக்கிறார், பிரச்சினை வந்தால் நஷ்டஈடும் தருவார் என்று இருக்கிறது. வரைபடத்தைச் சேர்த்து அதில் கையெழுத்துப் போட்டால் உண்மையில்லாத ஒன்றுக்கு உறுதி கொடுத்தவராவீர்கள்.

அவரிடம் எழுதி வாங்க வேண்டும். வாங்கும்போது, மேலே உங்களுக்காகச் சொன்ன அதே 19ஆவது பிரிவு இப்போது அவருக்காக வேலை செய்யும் என்பதை மறக்காதீர்கள். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடத்தில் அவரிடமே திரும்பிவிடும், இடம் எழுதாவிட்டால் யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ விற்கும் படிக்கு அனுமதி இருக்காது. மூன்று பாகங்களுக்கும், அச்சுக்கும் மின்னூலுக்கும், உலகம் முழுவதற்கும், இத்தனை வருடத்துக்கு என்று தெளிவாக எழுதுங்கள். தொகையையும் எழுதுங்கள். தோழிதானே என்று வெறும் ஒரு ரூபாய் போடாதீர்கள். பதிப்பகத்துக்குக் கட்ட வைத்திருந்த பணத்தில் ஒரு நியாயமான பங்கை அவருக்குக் கொடுங்கள். வரைபடத்தின் கீழ்மூலையில் அவருடைய பெயர் எல்லாப் பதிப்பிலும் அச்சாகும் என்ற வரியை நீங்களே முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகு தாளை அவரிடம் கையெழுத்துக்கு நீட்டுங்கள்.